மடையில் இறங்கிய விமானம்

லூர்துநாதனின் கழனிக்கு மடை ஒன்றுதான். அந்த ஒரே மடையைப் போர் விமானம் ஒன்று மூக்கால் அடைத்துக்கொண்டிருந்தது.

வேறு இடத்தில் வரப்பை வெட்டித் தண்ணீர் விடலாமே என்று கேட்பவர்கள் அந்தக் கழனியைப் பார்க்காதவர்கள். ஏரிக் கால்வாய் சாலையோரமாகவே வந்து கழனியின் ஒரு மூலையில் முடிகிறது. மற்ற மூன்று பக்கமும் பாறை. மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு யாரோ அள்ள மறந்துபோன மாதிரி உருண்டைப் பாறைகள். அதற்கு அப்பால் மேட்டில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை. தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவே மடை அங்கேதான் இருக்க முடியும். விமானத்தின் மூக்கும் அங்கேதான் இருந்தது.

விமானத்துக்கு மூன்று கால்கள். இறக்கைகளுக்கு அடியில் இருந்த இரண்டு பெரிய சக்கரங்களும் வண்டிப்பாதையின் கெட்டித் தரையில் நின்றன. முன்னால் இருந்த சின்னச் சக்கரம் மட்டும் மடைக்குள் இறங்கி, அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்டது. வால் சாலைப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, விமானம் குனிந்து தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி இருந்தது. கால்வாய்த் தண்ணீர் மூக்கில் முட்டி, திரும்பி, சாலைப் பள்ளத்தில் வழிந்து வீணாகியது.

லூர்துநாதன் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஒரு சாண் எழும். கையை விட்டால் திரும்பவும் அதே பள்ளத்தில் உட்காரும். டிராக்டரில் சங்கிலி கட்டி முன்னால் இழுத்தால் இன்னும் ஆழமாகப் போயிற்று. சக்கரத்துக்கு அடியில் பலகை செருகினான். பலகையும் சேர்ந்து இறங்கியது. ஊரெங்கும் ஒட்டியிருந்த வரவேற்புச் சுவரொட்டியில் இதே விமானம் இதே மூன்று காலில் மட்டமாக, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. இங்கே மட்டும் ஏன் இப்படி மூக்கைக் குத்துகிறது? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

விளங்காமல் நிற்பதற்கு நேரமும் இல்லை. கழனியின் ஓரத்தில் நாற்று பிடுங்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. நாற்றுக்கு ஒரு வயது உண்டு. அந்த வயதில் பிடுங்கி நட்டால் ஒன்று பத்தாகத் தூர் கட்டும். வயது கடந்து நாற்றங்காலிலேயே கணு விட்டுவிட்டால், நட்ட இடத்தில் ஒற்றையாக நின்று ஒற்றைக் கதிர் விடும்; அதிலும் பாதி பதர். நடவுக்காகச் சேறாக்கி, சேடை ஓட்டி வைத்த கழனியோ காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் வராவிட்டால் இந்தப் போகம் இல்லை. லூர்துநாதனுக்கு வேறு நிலமும் இல்லை.

விமானம் அங்கே வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய போர் விமானங்களுக்கு ஓய்வுக் காலத்தில் ஒரு வேலை தருவார்கள்: ஏதாவது ஓர் ஊரின் நடுவில் தூண்மேல் நிற்பது. செஞ்சிக் கூட்டு ரோட்டுக்கு வாய்த்தது, ஜெட் காலம் தொடங்கிய புதிதில் செய்தது. அதற்கு மூக்கே வாய். வாயால் காற்றை விழுங்கி, வயிற்றில் வைத்து எரித்து, வால் வழியாக வேகமாகத் துப்பும். துப்புகிற வேகத்தில் முன்னால் பாயும். ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் கையை விட்டால் பறக்குமே, அந்தச் சங்கதிதான். பலூனைவிடக் கொஞ்சம் செலவு அதிகம்.

இறக்கைகளோடு ஒரு நீளமான டிரெய்லரில் அது வந்தது. நீள வண்டி ஒன்று வளைவில் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியே போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். லூர்துநாதனின் கழனிக்கு எதிரே இருக்கிற வளைவில் அப்படி வெட்டினால் டீக்கடை ஒன்று போய்விடும். எனவே அங்கேயே கிரேனை வைத்து, விமானத்தைத் தூக்கி, குட்டையான வண்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. கிரேன் ஓட்டுநர் பாவாடை, விமானத்தைப் பூப்போலத் தூக்கினான். நீள வண்டி விலகியது. குட்டை வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்போது பாவாடையின் போன் அடித்தது.

பேசியவர் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் சம்பந்தம். விமான வரவேற்புக் குழுவின் தலைவர் அவர்தான். திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து வரும் பிரமுகரின் கார், ஊருக்குள் நுழையப்போகிறது. அவருக்குப் போட ஆப்பிள் மாலை தயார். மூன்று ஆள் உயரத்தைச் சேர்த்தாலும் எட்டாத மாலை. அந்த மாதிரி மாலையைக் கழுத்தில் போட முடியாது. கிரேனில் தொங்கவிட்டு, அதன் அடியில் பிரமுகரை நிற்கவைக்க வேண்டும். அதற்கென்று பேசிவைத்த கிரேன் திண்டிவனத்தில் பஞ்சராகி நிற்கிறது.

"மொதலாளி, கொக்கியில ஏரோப்ளேன் தொங்குது," என்றான் பாவாடை.

"தொங்குனா இன்னாய்யா? எங்கனா ஓரமா வெச்சிட்டு வா. பத்து நிமிசம். மாலை போட்ட உடனே போயி எடுத்துக்கோ. ஏரோப்ளேன் இன்னா ஓடியா பூடும்?"

பாவாடை ஓரமாக வைத்தான். அந்த ஓரம் லூர்துநாதனின் மடை.

பத்து நிமிடத்தில் முன்சக்கரம் புதைந்தது. பிரமுகர் மாலைக்கு அடியில் நின்றார். பிறகு கூட்டு ரோட்டுக்குப் போய், தூணின் மேல் விமானம் இல்லாததைப் பற்றி யாரும் பேசாததால் அவரும் பேசாமல், கல்வெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் கிளம்பினார். கிரேன் திரும்பி வருவதற்குள் பழைய விமானங்களைக் காட்சிக்குக் கொடுக்கும் வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து, சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் தலைமை விசாரணை அதிகாரி பீமாராவ் குழுவோடு வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை, கண்களில் எப்போதும் ஒரு களைப்பு. வரப்பில் நின்று விமானத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சக்கரம் வெளிய இருக்கா, உள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"வெளியதான் சார்," என்றான் லூர்துநாதன். "ஒண்ணு சேத்துக்குள்ள இருக்குது."

பீமாராவ் தலையை ஆட்டினார். பிறகு, வகுப்பு எடுக்கிறவரைப் போலப் பொறுமையாக விளக்கினார். வாரியத்தின் விதிப்படி, சக்கரங்கள் மடங்கிய நிலையில் ஒரு விமானம் தரையைத் தொட்டால் அது சரக்கு. சரக்கு விழுந்தது போக்குவரத்துக்காரர்கள் விவகாரம். சக்கரங்கள் நீட்டிய நிலையில் தரையைத் தொட்டால் அது தரையிறங்குதல். ஓடுதளம் அல்லாத இடத்தில் தரையிறங்கினால் அது தரையிறக்க விபத்து.

"கிரேன்ல எறக்கி வெச்சாங்க சார்."

"எதுல எறங்குனாலும் எறக்கம் எறக்கம்தான். நீங்கதான் ஸ்பாட்டுக்கு மொதல்ல வந்தவரா?"

"நான் இங்கியேதான் இருந்தேன் சார். இது என் கழனி."

"நல்லது. பைலட்டைக் காப்பாத்துனீங்களா?"

"உள்ள யாரும் இல்லீங்களே."

"தேடுனீங்களா?"

லூர்துநாதன் யோசித்தான். "இல்லீங்க."

பீமாராவ் பின்னால் திரும்பி, "தேடவில்லை," என்றார். அது எழுதப்பட்டது.

அன்றே கழனிக்குப் பெயர் மாறியது. இனி அது அங்கீகாரம் பெறாத ஓடுதளம். லூர்துநாதன் ஓடுதளப் பொறுப்பாளர். விசாரணை முடியும்வரை குழு உறுப்பினர்கள் தவிர வேறு எவரும் விமானத்தைத் தொடக்கூடாது. ஓடுதளப் பொறுப்பாளர் குறிப்பாகத் தொடக்கூடாது.

"எப்ப சார் முடியும்?" என்றான் லூர்துநாதன். "நாத்து முத்திக்கினு இருக்குது."

இந்தக் கேள்வி பீமாராவுக்குப் பிடித்திருந்தது. "பாருங்க, எங்க வாரியம் ஆரம்பிச்சதிலேர்ந்து எந்த விசாரணையும் அவசரப்பட்டு முடிச்சதில்ல. முடிச்சதே இல்லன்னு சொல்றவங்களும் உண்டு. அதனாலதான் எங்களால ஒரு நிரபராதிகூடத் தண்டிக்கப்படல. இந்தப் பெருமை வேற எந்த வாரியத்துக்கும் கெடையாது. இன்னொண்ணும் சொல்றேன். நான் இதுவரைக்கும் விமானத்துல ஏறினதே இல்ல. ஏறினவனுக்குப் பைலட் மேல ஒரு பாசம் வந்துடும். எனக்கு அது வராது. நடுநிலைமைன்னா அதுதான்."

அடுத்த முறை குழுவோடு வானிலை உறுப்பினர் பூபதி வந்தார். விபத்து நேரத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. விமானம் காற்றுக்கு எதிர்த்திசையில்தான் இறங்க வேண்டும். எதிரே வரும் காற்று இறக்கையைத் தாங்கிப் பிடிக்க, குறைந்த வேகத்திலேயே இறங்கிவிட முடியும். அதனால் ஓடுதளங்களில் ஒரு நீளத் துணிப்பையைக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள், காற்றின் திசை தெரிய. இதெல்லாம் உண்மை. பூபதி இதைச் சொன்ன விதம் இனிமையாகக்கூட இருந்தது. சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தவர், கழனிக்கு அந்தப் பக்கம் லூர்துநாதன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையைக் கண்டார்.

"விபத்தன்னிக்கும் அது பறந்துச்சா?"

"தெனமுமே தொவைப்போம் சார்," என்றாள் லூர்துநாதனின் மனைவி இருதயமேரி.

"அனுமதி இல்லாத காத்துக்காட்டி. பைலட்டைத் தப்பான திசைக்குத் திருப்பியிருக்கலாம்," என்று பூபதி சொல்ல, புடவை மடித்து உறையில் போடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டது.

"மாதா கோயில் திருநாளுக்கு எடுத்த பொடவைங்க அது," என்றாள் இருதயமேரி.

"பத்திரமா இருக்கும்மா. முத்திரை இருக்கு."

அதற்கடுத்த வருகையில் பொம்மையைப் பிடித்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில் காக்காய்க்காக நட்டிருந்த வைக்கோல் பொம்மை. லூர்துநாதனின் கிழிந்த சட்டை, மண்சட்டித் தலை, இரண்டு பக்கமும் நீட்டிய குச்சிக் கைகள். விமானத்தை நிறுத்தும் இடத்தில் ஒருவர் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டுவது உலக வழக்கம். இருபுறமும் கை நீட்டி அசையாமல் நிற்கும் சைகைக்கு என்ன பொருள் என்று குழு ஒரு பகல் முழுக்க விவாதித்தது. 'வா' என்றார் ஒருவர். 'வராதே' என்றார் பூபதி. விளக்கம் கேட்டுத் தரைப் பணியாளருக்கு அறிவிப்பு அனுப்புவது என்று முடிவாயிற்று. லூர்துநாதன்தான் அதை வாங்கி, பொம்மையின் சட்டைப் பையில் வைக்க வேண்டியிருந்தது. உரிய காலத்துக்குள் பதில் வராததால், பொம்மையைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அதன் கைகளைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டார்கள். அன்று முதல் காக்காய்கள் பயமில்லாமல் வந்தன.

லூர்துநாதன் செஞ்சிக்குப் பஸ் ஏறினான். கடைத்தெருவில் ஆணிகளுக்கும் தாம்புக் கயிறுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சம்பந்தத்திடம், கிரேனை அனுப்பி விமானத்தை எடுத்துப்போகும்படி கேட்டான்.

"எந்த விமானத்தை?" என்றார் சம்பந்தம்.

"நம்ப கூட்டு ரோட்டு விமானத்ததான் மொதலாளி. என் மடையில கெடக்குதே."

"லூர்து, வெளிய வா." சம்பந்தம் அவனைத் தோளில் கை போட்டு அழைத்துப்போய்த் தூணைக் காட்டினார். தூண்மேல் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது. கீழே கல்வெட்டு. "படி. இன்னா போட்டிருக்குது? போர் விமானம் நிறுவப்பட்டதுன்னு போட்டிருக்குதா இல்லியா? திறந்து வெச்சது யாரு? அவுரு கையால திறந்து வெச்சத இல்லன்னு சொன்னா, அவுருக்கு யாரு பதில் சொல்றது? நீயா, நானா?"

"மேல ஒண்ணும் காணோமே மொதலாளி."

"கல்லுல இருக்குதில்ல? மேல வர்றது எப்பனா வரும். ஜனங்க தோ போட்டோ எடுத்துக்கினுதான் இருக்குது பாரு." உண்மையாகவே ஒரு குடும்பம் தூணுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. "உன் கழனியில இருக்கறது வேற எதுனா இருக்கும் நைனா. நல்லாப் பாரு."

பாவாடையைப் பஸ் நிலையத்து டீக்கடையில் பிடித்தான். பாவாடைக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. "அண்ணே, நான் தூக்கிட்டா அஞ்சு நிமிசம். ஆனா எறக்குனது லேண்டிங்னா தூக்கறது டேக் ஆஃப்பாம். அந்த ராவ் சாரு சொல்றாரு. தூக்கறதுக்கு முன்னாடி பைலட் லைசென்ஸ் காட்டுன்றாரு. நான் கிரேனுக்கே ரெண்டு தபா டெஸ்ட்டுல பெயிலாயி வாங்குனவன்."

திரும்பி வந்தபோது வீட்டில் இருதயமேரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இடமில்லை. விசாரணைக் கோப்புகள் விபத்து நடந்த இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அருகில் இருந்த ஒரே கூரை அவர்களுடையது. ஒவ்வொரு வருகையிலும் கட்டுகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. விமானம் பிறந்தது முதல் அதற்கு மாற்றிய டயர்களின் வரலாறு, செஞ்சியின் மழை வரலாறு, சேற்றின் மாதிரி பற்றிய அறிக்கை, அந்த அறிக்கை கிடைத்ததற்கான ஒப்புகை, எல்லாவற்றுக்கும் நகல்கள். சிப்பம் சிப்பமாகக் கட்டிக் கோணிகளில் தைத்திருந்தார்கள். நெல் மூட்டை அடுக்குகிற இடத்தில் அவை நெல் மூட்டை கணக்காக உட்கார்ந்திருந்தன.

"படுக்க எடம் இல்ல," என்றாள் இருதயமேரி. "சாமி படத்துக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்த முடியல, காகிதம் பத்திக்குமாம். உன் நாத்துக்குக் கொடம் கொடமா ஊத்தி என் இடுப்பு ஒடிஞ்சி பூட்டுது. இன்னாதான்யா சொல்றானுங்க?"

"ஒண்ணும் சொல்லலடி. ஒரு லெட்டர் குடுத்தாங்க."

கடிதம் புதிய உத்தரவு. விபத்தன்று இருந்த ஈரம் கழனியில் இப்போது இல்லை, தடயம் காய்ந்துகொண்டிருக்கிறது, ஓடுதளப் பொறுப்பாளர் உடனடியாக அன்றைய ஈரத்தை மீட்டெடுத்துப் பராமரிக்க வேண்டும்.

மறுநாள் லூர்துநாதன் பீமாராவின் முன்னால் போய் நின்றான். "சார், நீங்க சொல்றதுதான் நானும் சொல்றேன். ஈரம் வேணும். ஈரத்துக்குத் தண்ணி வேணும். தண்ணிக்கு மடை வேணும். மடையில மூக்கு இருக்குது. மூக்கைத் தொடக்கூடாதுன்றீங்க."

"கரெக்ட்டா புரிஞ்சிருக்கீங்க."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"அது உங்க நிர்வாகப் பிரச்சினை. வாரியம் அதுல தலையிடாது," என்றார் பீமாராவ். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் முட்டி வலித்தது. செஞ்சி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் நிழல் என்று இருந்தது விமானத்தின் இறக்கை மட்டும்தான்.

நாற்றங்காலில் இருதயமேரி ஒரு நாற்றைப் பிடுங்கிக் கொண்டுவந்து புருஷனிடம் காட்டினாள். அடித்தண்டில் விரலை வைத்துத் தடவினால் லேசாக ஒரு புடைப்பு. கணு விட ஆரம்பித்துவிட்டது. லூர்துநாதன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். இன்னும் இரண்டு மூன்று நாள். அதற்குமேல் நட்டும் பயனில்லை.

அன்றைக்குத்தான் குழுப் படம் எடுத்தார்கள்.

இடைக்கால அறிக்கையின் முதல் பக்கத்தில் குழுவின் படம் இருக்க வேண்டும்; படத்தில் விமானத்தின் எண் தெரிய வேண்டும். எண் வாலில் எழுதியிருந்தது. சாலை மேடாக இருந்ததால், தூக்கிக்கொண்டிருந்த வால் சாலையிலிருந்து ஏறி உட்காரத் தோதான உயரத்தில் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் சின்ன இறக்கைகள், பெஞ்சு மாதிரி. தொட உரிமை உள்ளவர்கள் அவர்கள் மட்டும்தானே. பீமாராவ் நடுவில் அமர்ந்தார். பக்கத்தில் பூபதி. அப்புறம் சேறு உறுப்பினர், டயர் உறுப்பினர், நகல் உறுப்பினர். வாரியத்தில் யாரும் ஒல்லி இல்லை. செஞ்சியிலிருந்து வந்திருந்த ஸ்டூடியோக்காரர் அன்புமணி, கேமராவைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் பின்னாடி சாஞ்சி... சிரிங்க சார்..."

பொளக் என்று ஒரு சத்தம். சேறு வாயைத் திறந்து சக்கரத்தைத் துப்பியது. விமானத்தின் மூக்கு மெல்ல, யோசித்து யோசித்து, மேலே எழுந்தது. வால் குழுவோடு சேர்ந்து இறங்கிச் சாலை மேட்டில் உட்கார்ந்தது. தேங்கியிருந்த கால்வாய்த் தண்ணீர் மூக்குக்கு அடியில் பாய்ந்து, மடையில் புகுந்து, வெடித்த கழனிக்குள் சளசளவென்று ஓடியது.

"தண்ணி!" என்று கத்தினான் லூர்துநாதன். "சார், அசையாதீங்க சார்!"

அசையாதீர்கள் என்று சொன்னால் அசைவது மனித இயல்பு. ஐந்து உறுப்பினர்களும் அலறிக்கொண்டு குதித்தார்கள். மூக்கு தொப்பென்று விழுந்தது. தண்ணீர் நின்றது.

"தோ பாரு," என்றாள் இருதயமேரி. "இத்தினி நாளா இவங்களால ஒரு உபயோகம் இருந்திருக்குது. வாலுல குந்த வெக்காம விட்டுட்டமே."

பீமாராவ் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கடமை அவரை விடவில்லை. "எழுதிக்குங்க. அனுமதி இல்லாம மேலெழும்பல். அதைத் தொடர்ந்து அதே இடத்துல ரெண்டாவது தரையிறக்க விபத்து. விமானத்துல அப்ப அஞ்சு பேர் இருந்தாங்க. புது விசாரணை தொடங்கணும்." சற்று நிறுத்தினார். "பாதிக்கப்பட்டவங்க நாமளேங்கறதால, நடுநிலைமைக்கு எந்தக் குந்தகமும் இல்ல."

லூர்துநாதனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவன் மூக்கையும் வாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அச்சுக்கு முன்னால் பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம், பின்பாரம் இரண்டும் பார்த்து அடுக்க வேண்டும். இங்கே அச்சு என்பது அந்த இரண்டு பெரிய சக்கரங்கள். நுகத்தடி மூக்கு.

"சார்," என்று கேட்டான், "போஸ்டர்ல இது மட்டமா நிக்குதே. அப்ப இதுக்கும் அதுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

பீமாராவ் பெருமையாகச் சொன்னார்: "அது பழைய படம். காட்சிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நாங்க இன்ஜினைக் கழட்டிடுவோம். பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம். யாராவது ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?"

"இன்ஜின் எங்க சார் இருந்துச்சி?"

"பின்னாடி. வயித்திலேர்ந்து வால் வரைக்கும். இப்ப அது வெறும் குழாய்."

பின்பாரத்தை இறக்கிவிட்டு வண்டி ஏன் குனிகிறது என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது. லூர்துநாதன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், புது விசாரணைன்னா புது கட்டுங்க வரும் இல்ல?" என்றாள் அவள்.

"வரும்மா. இதைவிட ஜாஸ்தி வரும்."

"எங்க வூட்டுல எடமில்ல. மழை வந்தா ஒழுவும். எலி இருக்குது. போன வாரம் டயரு கட்டுல ஒரு மூலைய கடிச்சிட்டுது. நாளைக்கி எதுனா ஆச்சின்னா எங்க தலையத்தான் உருட்டுவீங்க. அந்தக் கொழாய் சும்மாதான இருக்குது? தகரம். எலி ஏறாது, ஒழுவாது. விமானத்துப் பேப்பரு விமானத்துலியே இருக்கட்டுமே."

குழு இறக்கை நிழலில் கூடி விவாதித்தது. கோப்புகள் விபத்து நடந்த இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்கிறது விதி. விமானத்துக்கு விமானத்தைவிட அருகில் வேறு எதுவும் இல்லை என்று பூபதி சுட்டிக்காட்டினார். உடனே தீர்மானம் எழுதினார்கள். வாரியத்தின் வரலாற்றில் அன்றைய தினமே எடுத்து அன்றைய தினமே நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும்.

விமானத்தை வேறு எவரும் தொடக்கூடாது என்பதால், மூட்டைகளை உறுப்பினர்களே சுமக்க வேண்டியிருந்தது. வெயிலில் வரப்பின் மேல் வரிசையாக வந்தார்கள். பீமாராவ் முதல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, "நான் பிஏ ஹிஸ்டரி," என்று யாரிடமும் அல்லாமல் சொன்னார். டயர் வரலாறு போயிற்று. மழை வரலாறு போயிற்று. நகல்கள் போயின. மூக்கு அசைந்தது; ஆனால் எழவில்லை.

"இன்னும் பின்னாடி தள்ளுங்க சார்," என்றான் லூர்துநாதன். "அச்சுக்கிட்ட வெச்சா கனம் தெரியாது. வால் கடைசியில வெய்ங்க."

பூபதி குழாய்க்குள் தவழ்ந்துபோய் மூட்டைகளைக் காலால் உதைத்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவற்றின் மேலேயே ஊர்ந்து வெளியே வந்தார். சேறு பற்றிய அறிக்கை கடைசி மூட்டை. அது உள்ளே போனதும் விமானம் பெருமூச்சு விட்ட மாதிரி அசைந்து, வாலைச் சாலை மேட்டில் வைத்து, மூக்கை வானத்துக்குத் தூக்கியது. இறங்கி நின்ற உறுப்பினர்கள் கைகளைத் தட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூக்கு திரும்ப விழவில்லை. மடையில் தண்ணீர் விழுந்தது.

"இது மூணாவது சம்பவமா சார்?" என்று நகல் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்.

பீமாராவ் இறக்கை நிழலில் உட்கார்ந்து, குடையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "ஓடுதளத்துல ஈரம் வந்துடுச்சா?"

"வந்துக்கினு இருக்குது சார்."

"அப்ப உத்தரவு நிறைவேறிடுச்சு. விடுங்க."

இருதயமேரி அதற்குள் நாற்றங்காலில் இறங்கியிருந்தாள். லூர்துநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான். சாயங்காலத்துக்குள் முதல் பாத்தி நட்டாகிவிட்டது.

இதே பிரச்சினை உள்ள ஊர்கள் வேறு இருக்கலாம் என்பதால், வழியைச் சொல்லிவிடலாம். பழைய ஜெட் விமானத்தின் மூக்கு சேற்றில் குத்திக்கொண்டால் முன்னாலிருந்து இழுக்கக்கூடாது. இன்ஜினைக் கழற்றிய காலிக் குழாயில், பெரிய சக்கரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, வால் நுனியில் விசாரணைக் கோப்புகளை அடுக்க வேண்டும். போதிய கனம் சேர்ந்ததும் மூக்கு தானே எழும்.